தாத்தாவின் ரேசரும் பேரனின் நுரையும்

தொலைக்காட்சி மன்றத்தில் பேச எத்தனையோ பெரிய பொருள் இருக்க, முகச்சவரத்துக்குப் போடும் கிரீமைப் பற்றியா ஒரு பேச்சு என்று நேயர்கள் சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். கூலிம் ஹைடெக் பூங்காவுக்கு இரவு ஷிப்ட் போகும் பிள்ளை இருக்கிற வீட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள். காலையில் அவன் வீடு திரும்பும்போது கழுத்தெல்லாம் சிவந்து, தாடையில் சின்னச் சின்னக் கொப்புளமாக வருவதை அந்த வீட்டு அம்மா பார்த்திருப்பார்.

1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தப் பூங்கா, மலேசியாவின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா. இன்டெல், இன்ஃபினியன், ஃபர்ஸ்ட் சோலார், சில்டெர்ரா என்று பெயர்ப் பலகைகள் நிற்கின்றன. சுற்றிலும் லூனாஸ், பாடாங் செராய், காராங்கான். ஒரு காலத்தில் பெரட்டுக்களத்தில் விடியுமுன் பேர் கொடுத்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று அதே விடியலில் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நிற்கிறார்கள். தாத்தாவுக்கு முகத்தில் ஒரு வாரத் தாடி இருந்தால் கிராணி கேட்க மாட்டார். பேரனுக்கு அப்படி இல்லை.

ஏன் இல்லை? சிப்பு செய்யும் 'கிளீன் ரூம்' என்கிற அறையை எண்ணிப் பாருங்கள். அங்கே காற்றையே வடிகட்டி அனுப்புகிறார்கள். ஐ.எஸ்.ஓ. 5 என்ற தரத்தில் உள்ள அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள தூசு 3,520க்கு மிகக் கூடாது. மனிதரோ நடமாடும் தூசு மூட்டை. அசையாமல் உட்கார்ந்திருந்தாலே நிமிடத்துக்கு ஒரு லட்சம் துகள் உதிர்க்கிறோம் என்பது அந்தத் துறையின் வழக்கமான கணக்கு. அதனால்தான் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. தாடி வைத்தவருக்கு அதன் மேல் ஒரு மூடியும் உண்டு. தைப்பூச விரதத்துக்குத் தாடி வளர்ப்பவர்கள் பலர் அந்த மூடியை மாட்டிக்கொண்டே 48 நாளையும் ஓட்டிவிடுகிறார்கள்.

ஆனால் வாயு, அமிலம் கையாளும் பகுதிக்கு மாற்றப்பட்டால் கதை வேறு. அங்கே முகத்தோடு இறுக ஒட்டும் சுவாசக் கவசம் வேண்டும். கவசத்தின் ரப்பர் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு நாள் முடி இருந்தாலும் அந்த இடுக்கில் காற்று நுழையும். தாடியோடு அதை அணியக்கூடாது என்று அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதி 1998லேயே எழுதிவைத்தது. மற்ற நாட்டுத் தொழிற்சாலைகளும் அதே நடைமுறையைப் பின்பற்றுகின்றன.

இது புதிய சங்கதியும் அல்ல. முதல் உலகப் போரில் நச்சுவாயு வந்தபோது, முகமூடி ஒட்ட வேண்டுமே என்று படைவீரர்கள் தினமும் மழிக்க வேண்டியதாயிற்று. 1903ஆம் ஆண்டு முழுக்க வெறும் 51 ரேசர்களை விற்ற கிங் கேம்ப் ஜில்லெட்டின் கம்பெனி, 1918இல் அமெரிக்க ராணுவத்துக்கு 35 லட்சம் ரேசர்களைக் கொடுத்தது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். நாவிதரின் கத்தியிலிருந்து வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் சவரம் இடம் மாறியதில் அந்த முகமூடிக்கும் ஒரு பங்கு உண்டு.

இனி ஒரு வீட்டுக்குள் போகலாம். பாடாங் செராய்ப் பக்கம் ஓர் இளைஞர். பெயர் வேண்டாம், இப்படிப் பல பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். வாயுப் பகுதிக்கு மாற்றம் கிடைத்தது. சம்பளத்தில் கொஞ்சம் கூடும். அதற்கு முன் கவசச் சோதனையில் தேற வேண்டும். தலைக்கு மேல் ஒரு கூட்டைக் கவிழ்த்து, உள்ளே சாக்கரின் கலந்த நீரைத் தூவுவார்கள். வாயில் இனிப்புத் தெரிந்தால் கவசம் ஒட்டவில்லை என்று அர்த்தம். நம் இளைஞருக்கு முதல் நாளே இனித்தது. தாடையில் மூன்று நாள் முடி. "மழிச்சிட்டு அடுத்த வாரம் வா தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள்.

சோம்பலால் அவர் மழிக்காமல் இருக்கவில்லை. மழித்தால் எரிந்தது. ஐந்து பிளேடு வைத்த ரேசரில் கழுத்து முடி தோலுக்குள்ளேயே சுருண்டு கொப்புளம் வைத்தது. யாரோ சொன்னார்கள் என்று தாத்தாவின் பழைய இரும்பு ரேசரை எடுத்தார், இரட்டை முனைப் பிளேடு போடுவது. பேரங்காடியில் வாங்கிய டின் நுரையை அப்பிக்கொண்டு இழுத்தார். மூன்று இடத்தில் ரத்தம்.

திண்ணையில் இருந்த தாத்தா எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, முகத்துல ஐஸ்கிரீமைப் பூசிக்கிட்டு நிக்கிற?"

"நுரை தாத்தா. இதைத்தான் எல்லாரும் போடுறாங்க."

"அது உன்னோட பிளாஸ்டிக் ரேசருக்கு சரி. என் ரேசருக்கு அது ஆவாது. கையால தடவினா முடி நனையுமா? போயி மறுபடியும் நல்லா முகத்தைக் கழுவிட்டு வா."

தாத்தா சொன்னதில் அறிவியல் இருக்கிறது. 1971இல் இரண்டு பிளேடு ரேசர் வந்தது, 1998இல் மூன்று, 2006இல் ஐந்து. 1980களிலிருந்து அந்தத் தலைகளில் வழவழப்பான ஒரு பட்டையும் ஒட்டி வருகிறது. ஈரமானால் அது கரைந்து தோலில் வழுக்கும். கிரீம் சரியில்லாவிட்டாலும் அந்தப் பட்டை ஓரளவு காப்பாற்றிவிடும். பழைய ரேசருக்கு அந்தத் துணை கிடையாது. ஓர் எஃகுப் பிளேடு, ஒரு பிடி, அவ்வளவுதான். முடியை மென்மையாக்குவது, பிளேடை வழுக்கச் செய்வது ஆகிய இரண்டு வேலையும் முழுக்க முழுக்கக் கிரீமின் தலையில் விழுகிறது. எனவே அந்த ரேசர் வைத்திருப்பவர் பிளேடைவிடக் கிரீமில்தான் கவனம் வைக்க வேண்டும்.

டின் நுரை ஏன் ஏமாற்றியது? பார்வைக்கு அது மலை போல நிற்கும். அளவில் பெரும் பகுதி வாயு. டின்னுக்குள் ஐசோபியூட்டேன், புரோப்பேன் போன்ற வாயுக்கள் அழுத்தத்தில் இருக்கின்றன. திறந்ததும் அவைதான் நுரையை ஊதிப் பெரிதாக்குகின்றன. முடி மென்மையாக வேண்டியது தண்ணீரால். தாடி முடி காய்ந்திருக்கும்போது கெட்டியானது. இரண்டு மூன்று நிமிடம் நீரில் ஊறினால் வெட்டத் தேவையான விசை வெகுவாகக் குறைந்துவிடும். நுரைக்குள் இருக்கும் கொஞ்ச நீர் முடியின் மேலேயே உட்கார்ந்துவிடுகிறது, அடிவரை போவதில்லை. அவசரத்துக்கு டின் நுரை தப்பில்லை; பாலைவனத்துப் போர்வீரருக்கும் விமான நிலையக் கழிவறைக்கும் அது வசதி. தினமும் மழித்தே ஆக வேண்டிய தொழிலாளிக்கு டியூபில் வரும் கிரீமும் ஒரு பிரஷும்தான் சரி.

அந்த டியூபுக்குள் என்ன இருக்கிறது? கெடாக்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும்: அதில் பாதி செம்பனைத் தோட்டம். கிரீமின் உயிர் ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு. கடையில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் பாமிடிக்கும் ஸ்டியரிக்கும் கலந்த கலவை. அது கிடைக்கும் முக்கியமான மூலங்களில் ஒன்று செம்பனை எண்ணெய். இதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தோடு வினைபுரிய விட்டால் மென்மையான சோப்பு கிடைக்கும். குளிக்கும் சோப்பில் சோடியம் காரம் சேர்ப்பதால் கட்டியாகிறது. இதில் பொட்டாசியம் சேர்ப்பதால் பசையாக நிற்கிறது. கிளிசரினையும் சேர்ப்பார்கள், நுரை காயாமல் நீரைப் பிடித்துவைக்க. காராங்கானிலோ மாஹாங்கிலோ குலை வெட்டிய தாத்தாவின் வேர்வையும் அந்த டியூபில் எங்கேயோ கலந்திருக்கக்கூடும்.

தேங்காய் எண்ணெயிலிருந்து வரும் அமிலங்களும் சேர்ப்பார்கள். அவை பெரிய குமிழியை வேகமாக எழுப்பும். ஆனால் அளவு மிஞ்சினால் முகம் வறண்டு இழுக்கும். ஸ்டியரிக் தருவது பொடிப்பொடியான, கெட்டியான, சீக்கிரம் அமுங்காத நுரை. கடையில் எந்தக் கிரீம் வாங்கலாம் என்று திணறுபவர் பின்பக்கப் பட்டியலைப் படிக்கலாம். அளவில் அதிகமானது முதலில் வரும் என்பது விதி. தண்ணீருக்கு அடுத்து ஸ்டியரிக் அமிலம், கொஞ்சம் தள்ளிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கிளிசரின் என்று இருந்தால் அது பிரஷ் கிரீம். டிரைஎத்தனோலமைனும் வாயுக்களும் இருந்தால் டின் நுரை. மலேசியாவில் விற்கும் எந்த ஒப்பனைப் பொருளுக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் அறிவிப்பு எண் உண்டு, என்.ஓ.டி. என்று தொடங்கும். இந்தியப் பொருட்கள் விற்கும் கடையில் மலிவாகக் கிடைக்கும் டியூபிலும் அந்த எண் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. மலிவு என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. இந்தியாவிலிருந்து வரும் சாதாரண டியூப் கிரீம்கள் பிரஷுக்காகவே செய்யப்படுகின்றன. வண்ணப் பெட்டியில் வரும் விலை உயர்ந்த பலவற்றை அவை சுலபமாகத் தோற்கடித்துவிடும்.

இன்னொன்று, தண்ணீர். சோப்பு நுரைக்குப் பகை கால்சியம். சுண்ணாம்பு கலந்த நீரில் சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைத் திரிதிரியாகப் போய்விடும், நுரை வராது. தமிழ்நாட்டில் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரில் சவரம் செய்தவருக்கு இது தெரியும். கெடாவில் குழாய் நீர் பெரும்பாலும் ஆற்று நீர், மென்மையானது. அதனால் கூலிமில் ஒரு பட்டாணி அளவு கிரீமே போதும். அதே டியூபை எடுத்துக்கொண்டு சுண்ணாம்புக் குன்று சூழ்ந்த ஊருக்குப் போய்க் கிணற்று நீரில் பிரஷைத் தேய்ப்பவர், கிரீம் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்காரரிடம் சண்டை போடுவார். கெட்டது கிரீம் அல்ல. அங்கே அளவைக் கூட்ட வேண்டும், அல்லது மழைநீரைப் பிடித்துவைக்க வேண்டும்.

தாத்தா பேரனுக்குச் செய்து காட்டியது இதுதான். குளித்து முடித்த ஈர முகம். பிரஷை வெந்நீரில் நனைத்து ஒரு உதறல். அதன் நுனியில் பட்டாணி அளவு கிரீம். முகத்திலேயே வட்டமாகத் தேய்த்து, நடுநடுவே பிரஷ் நுனியை நீரில் தொட்டுத் தொட்டு, நுரை தயிர் பதத்துக்கு வரும் வரை. "குமிழி கண்ணுக்குத் தெரியக்கூடாதுய்யா. தெரிஞ்சா தண்ணி அதிகம். பிரஷ் இழுத்துப் பிடிச்சா தண்ணி பத்தலை." பிறகு ரேசரை அழுத்தாமல், அதன் எடையிலேயே, முடி வளரும் திசையில் இறக்கினார். கழுத்தில் முடி பக்கவாட்டில் வளர்கிறதென்றால் பக்கவாட்டில். எதிர்த்திசையில் ஒரு தடவைகூடப் போகவில்லை.

"வழவழன்னு இல்லையே தாத்தா."

"உனக்கு வழவழன்னு வேணுமா, ரத்தம் வராம வேணுமா?"

சுருட்டை முடிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி மிக முக்கியம். தோலுக்கும் கீழே வெட்டப்பட்ட சுருட்டை முடி, வளரும்போது வெளியே வர வழி தெரியாமல் தோலையே குத்திக் கொப்புளம் எழுப்பும். பல பிளேடு ரேசர் முடியை இழுத்துத் தோலுக்கும் கீழே வெட்டக்கூடியது. ஒற்றைப் பிளேடு தோல் மட்டத்தில் நிறுத்திவிடும். தமிழர்களில் இந்தத் தொந்தரவு உள்ளவர்கள் கணிசம். கவச விளிம்பு ஒட்டத் தோல் மட்டச் சவரமே போதும். கன்னம் கண்ணாடி போல மின்ன வேண்டியதில்லை.

பிரஷைப் பற்றி ஒரு வார்த்தை. பன்றி முடியில் செய்த பிரஷும் கடைகளில் உண்டு. 2017இல் பன்றி முடியில் செய்த சாயத் தூரிகைகளை அதிகாரிகள் கடைகளிலிருந்து பறிமுதல் செய்தது பலருக்கு நினைவிருக்கும். அவற்றைத் தனியே வைத்து, அடையாளமிட்டுத்தான் விற்க வேண்டும். மலாய் நண்பர்களோடு வாடகை வீட்டைப் பகிர்ந்துகொள்பவர் செயற்கை இழைப் பிரஷ் வாங்கினால் வீண் சங்கடம் இல்லை. அது சீக்கிரம் காயும் என்பது மற்றொரு வசதி.

மணம் விஷயத்துக்கு வருவோம். கிரீம் வாங்கும்போது தமிழர்கள் முதலில் செய்வது மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பது. தொழிற்சாலைக்குப் போகிறவருக்கு மணம் குறைந்ததே நல்லது. நறுமணக் கலவை தோல் ஒவ்வாமைக்குப் பரவலான காரணம். புண்பட்ட தோலில் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். ஜில்லென்று இருக்கும் மெந்தால், வெட்டுப்பட்ட இடத்தில் எரியும். அப்புறம் சவரம் முடித்ததும் குட்டிக்கூரா பவுடரைக் கழுத்தில் தட்டிக்கொள்ளும் நல்ல பழக்கம் ஒன்று இருக்கிறதே, அதைக் கிளீன் ரூம் வேலைநாளில் மறந்துவிட வேண்டும். பவுடர் என்பது துகள். அங்கே துகள்தான் எதிரி. சோடியம் கலந்த வேர்வைத் துளியும் ஒப்பனைப் பூச்சும் சிப்பின் மின்னோட்டத்தைக் கெடுக்கும் என்பது 1960களிலிருந்தே தெரிந்த சங்கதி. அதனால்தான் வாசலிலேயே ஒப்பனை கூடாது என்று எழுதி வைக்கிறார்கள். பவுடருக்குப் பதில் குளிர்ந்த நீரும், கீறல் இருந்தால் ஈரமான படிகாரக் கல்லும் போதும். அதையும் பிறகு கழுவிவிட வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, முடிதிருத்தும் நிலையத்துக்குப் போனால் ஆயிற்றே என்று கேட்கலாம். வாரம் ஒரு முறை என்றால் போகலாம். ஆனால் 2009ஆம் ஆண்டில் முடிதிருத்தும் கடைகளுக்குப் புதிதாக வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பது நிறுத்தப்பட்ட பிறகு எத்தனையோ கடைகள் ஆளில்லாமல் மூடின. 2023இல் முடிதிருத்தம், நகை, துணிக்கடை ஆகிய மூன்று துறைகளுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அரசாங்கம் இசைந்தது. அதற்குள் சிற்றூர்களில் நாற்காலி காலி. இரவு ஷிப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு வருபவருக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? செவ்வாயும் வெள்ளியும் மழிக்கக்கூடாது என்று பாட்டி வேறு சொல்வார். ஷிப்ட் அட்டவணைக்குச் செவ்வாய், வெள்ளி தெரியாது. பாட்டியிடம் அதை எப்படிச் சொல்வது என்பது அவரவர் சாமர்த்தியம்.

தோட்டத்து லயத்தில் நாவிதர் வீடு வீடாக வந்து, மரத்தடியில் பலகை போட்டு, ஒரே கத்தியில் வரிசையாகப் பத்துப் பேருக்கு மழித்த காலம் உண்டு. அவரை வீட்டுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்திய வழக்கமும் கூடவே இருந்தது. அதைச் சொல்லாமல் அந்தக் காலத்தைப் புகழ்வது நேர்மை ஆகாது. ஒரே கத்தியால் வந்த ஆபத்தோ அன்று யாருக்கும் தெரியவில்லை. ரத்தத்தில் பரவும் கல்லீரல் அழற்சிக் கிருமிகளான பி, சி இரண்டும் பகிர்ந்த பிளேடில் தொற்றக்கூடியவை. ஹாஸ்டலில் நான்கு பேர் ஒரு குளியலறையைப் பகிரலாம். ஒரு டியூப் கிரீமையும் பகிரலாம். பிளேடும் ரேசரும் அவரவருக்கு வேறு வேறு.

தைப்பூச விரதம் முடிந்து தாடியை எடுப்பவருக்கு மட்டும் முறை கொஞ்சம் மாறும். 48 நாள் முடியில் நேரே ரேசரை வைத்தால் இரண்டு இழுப்பில் பிளேடு அடைத்துக்கொள்ளும். முதலில் மெஷினால் ஒட்ட வெட்டி, வெந்நீர்த் துண்டை முகத்தில் சற்று நேரம் போட்டு, கிரீமை இரண்டு தடவை குழைத்துப் பூச வேண்டும். அன்றைக்கு மட்டும் பட்டாணி அளவு போதாது.

பாடாங் செராய் இளைஞர் மறு வாரம் போனார். ஐந்து நாள் தாத்தா சொன்னபடி மழித்ததில் கழுத்துக் கொப்புளம் அடங்கத் தொடங்கியிருந்தது. கவசத்தை மாட்டினார்கள். கூட்டைக் கவிழ்த்துச் சாக்கரின் நீரைத் தூவினார்கள். தலையை இடம் வலம் திருப்பச் சொன்னார்கள், குனியச் சொன்னார்கள், உரக்கப் பேசச் சொன்னார்கள். வாயில் இனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தாத்தா ஒரு பழைய மைலோ டின்னை நீட்டினார். மூடியில் பிளேடு நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு கீறல் போட்டிருந்தது. "பழைய பிளேடைக் குப்பையில போடாத. குப்பை அள்ளுறவன் கையும் கைதான். இதுல போடு, நெறைஞ்சா மூடியை ஒட்டிக் குடுத்துரலாம்." டின்னைக் குலுக்கிப் பார்த்தார் பேரன். உள்ளே தாத்தாவின் பல வருடத்துப் பிளேடுகள் சத்தமிட்டன. இன்னும் பாதி இடம் இருந்தது.